எட்டு மீட்டர் குறைவு

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் மைதான வேலையாளாகச் சேர்ந்தேன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. புல் வெட்டுவதும் சுண்ணாம்புக் கோடு போடுவதும்தான் வேலை. ஆனால் மேனாம்பேட்டிலிருந்து கல்லூரிக்குத் தினமும் ஓடியே வருவேன். நெடுந்தூரம் ஓடும் பிள்ளைகள் விடியற்காலையில் வந்துவிடுவார்கள், பி.டி. சார் பத்து மணிக்குத்தான் வருவார். இடையில் நான் அவர்களோடு ஓடினேன். எந்தச் சுற்றில் மூச்சை அடக்க வேண்டும், எதில் வேகம் பிடிக்க வேண்டும் என்று சொன்னேன். சில வருஷங்களில் கோச் என்று கூப்பிடத் தொடங்கினார்கள். கூச்சத்தில் அதை மறுக்கக்கூட எனக்கு வரவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து ஒரு பெண் மூவாயிரம் மீட்டர் ஓட வந்தாள். அவளுடைய அப்பா திருநெல்வேலிக்காரர். தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களை அளந்து சரிபார்க்கும் வேலை. ஊரிலிருந்து மாப்பிள்ளை வந்திருப்பதாக ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னார். பல்கலைக்கழக அணியில் இவளை எடுப்பார்கள் என்றால் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லி எழுதுவார். இல்லையென்றால் சரி என்று எழுதிவிடுவார். எவ்வளவு நேரத்தில் ஓட வேண்டும் என்று கேட்டார். அவரிடம் நின்று பேசவே எனக்குக் கூச்சம். முன்வருஷ அணித் தேர்வு ஞாபகத்தில், பதினோரு நிமிஷத்துக்குள் என்றேன்.

திங்கட்கிழமை அவள் ஓடியபோது கடிகாரத்தை அவரே கையில் வாங்கிக்கொண்டார். பத்து நிமிஷம் ஐம்பத்திரண்டு செகண்டு. பொறுக்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமை கடிதம் போட்டுவிடுவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

புதன்கிழமை, கல்லூரி விளையாட்டு விழாவுக்காகத் திரும்பக் கோடு போட அளவுக் கயிற்றைப் பிடித்தேன். முடிச்சு பழைய கோட்டைத் தாண்டி விழுந்தது. மறுபடி பிடித்தேன், மறுபடியும் அப்படியே. பழைய கோடு போட்டது மழை விட்ட மறுநாள். நூல் கயிறு நனைந்தால் சுருங்கும். எனக்குத் தெரியாததல்ல, அன்றைக்கு யோசிக்கவில்லை. சுற்றுக்கு எட்டு மீட்டர் குறைவு. ஏழரைச் சுற்றுக்கு அறுபது மீட்டர். அவள் ஓடியது மூவாயிரம் மீட்டரே இல்லை.

சரியான கோட்டைப் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை அவளுக்குப் பதினொன்று ஏழு வந்தது. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று தரையில் உட்கார்ந்து அழுதாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"உன் மேல தப்பு இல்லம்மா. பழைய கோடு கம்மியா இருந்துகீது. நான்தான் தப்பா அளந்துட்டேன்."

அவள் அழுகையை நிறுத்தினாள். "அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் தெரிய வேணாம் கோச். லெட்டர் போயிடட்டும். செலக்‌ஷன்ல நான் ஓடிக் காட்டிடறேன்."

இரண்டு நாள் யோசித்தேன். அவள் அடுத்த வார அணித் தேர்வில் ஓடிக் காட்டலாம். காட்டாமலும் போகலாம், அப்போது மாப்பிள்ளையும் இருக்க மாட்டான். அந்த மனிதர் வேறு யாரையும் கேட்கவில்லை, என் கோட்டை நம்பினார். சனிக்கிழமை சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் போய், வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். கதவுக்குப் பின்னால் அவள் நின்றிருந்தாள்.

அவர் ஒன்றுதான் கேட்டார்.

"கயித்தாலயா அளந்தீக?"

மறுநாள் காலை அவரே இரும்பு டேப் கொண்டுவந்தார். நாங்கள் இருவரும் முட்டி போட்டுக்கொண்டு உள்கோட்டைச் சுற்றி அளந்தோம். ஒவ்வொரு அளவையும் இரண்டு முறை பார்த்தார். புதுக் கோடு சரியாக இருந்தது. பிறகு அவளை ஓடச் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆறாவது சுற்று வரை கணக்கு சரியாகத்தான் இருந்தது. கடைசி வளைவில் களைப்பில் தோள் இறுகி மேலே ஏறிவிட்டது. கையைத் தளர விடச் சொல்லிக் கத்த நினைத்தேன், அவர் பக்கத்தில் நின்றதால் கத்தவில்லை.

பதினொன்று நாலு.

கடிகாரத்தை என்னிடம் நீட்டினார். "பதினொண்ணுன்னு நீங்கதானே சொன்னீக அண்ணாச்சி?"

தலையாட்டினேன். அன்றைக்கே கடிதம் போனது, சரி என்று.

அடுத்த வாரத் தேர்வுக்கு மற்ற பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன். அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது, எல்லோருமே திணறினார்கள். அணியில் கடைசி இடத்துக்கு எடுத்த பெண் பதினொன்று ஒன்பதில் வந்தாள். திரும்பும் ரயிலில் எங்கள் மாணவன் ஒருவன் கேட்டான், "அந்தக்கா வந்திருந்தா எடுத்திருப்பாங்க இல்ல, கோச்?" தெரியாது என்றேன்.

கயிற்றைப் பற்றிப் போய்ச் சொன்னவன், பதினோரு நிமிஷமும் தப்பு என்று சொல்லப் போகவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. தினமும் நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன்.