பதினான்கு மாதம் எங்கே இருந்தாய்?

முடிவை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் பிரஜாவுரிமை விண்ணப்பம் தள்ளப்பட்டது. மேன்முறையீடும் தள்ளப்பட்டது. வாசிப்பவரைக் காத்திருக்க வைக்கும் கலை எனக்குத் தெரியாது. எது எந்தக் கிழமை நடந்தது, அன்று மழை பெய்ததா, யார் என்ன சொன்னார்கள் என்று அன்றன்றே குறித்து வைப்பது மட்டும்தான் தெரியும். அந்தக் குறிப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். புரட்டப் புரட்ட அன்றைய எரிச்சல் அப்படியே திரும்பி வருகிறது.

இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலையில் நான் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து மாதா கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுப்பவனும் நான்தான். சுதந்திரம் வந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியில் இங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் தோட்டத்து ஜனங்களை நாடற்றவர்களாக்கிய சட்டம் வந்தது. அதன் பின்னாலேயே, விரும்பினால் விண்ணப்பித்து உரிமை பெற்றுக்கொள்ளலாம் என்று இன்னொரு சட்டம் வந்தது. குறிப்பிட்ட வருடங்கள் இந்த நாட்டிலேயே இருந்தேன், ஒரு தடவைகூடப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே போய்த் தங்கவில்லை என்று காகிதத்தோடு காட்ட வேண்டும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில், கூரை ஒழுகும் ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்து எழும்புகிறார்கள். அங்கே எந்தக் காகிதம் பதினைந்து வருடம் நனையாமல் இருக்கும்? இதை யோசிக்காமல் சட்டம் எழுதினார்கள் என்று நான் நினைக்கவில்லை. யோசித்தே எழுதினார்கள்.

சனிக்கிழமைகளில் பாடசாலை வாங்குப் பலகையில் உட்கார்ந்து அந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்தேன். அப்படி நிரப்பியவற்றில் ஒன்று இந்தப் பெண்ணுடையது. ஏறக்குறைய என் வயதுதான் அவளுக்கும். விதவை. கொழுந்து பறிப்பவள். அவளுக்கு ஒரே மகள். நகரத்துக் கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் படித்து, நன்றாகவே தேறியிருந்தாள். மருத்துவிச்சிப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. இடமும் கிடைக்கும் போலிருந்தது. ஆனால் அரசாங்கப் பயிற்சிக்குப் பிரஜாவுரிமை வேண்டும். தாயின் விண்ணப்பத்தில் மகளின் பெயரும் இருந்தது. தாய்க்குக் கிடைத்தால் மகளுக்கும் கிடைக்கும். இல்லாவிட்டால் மகளும் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு மலைக்குப் போக வேண்டியதுதான்.

விண்ணப்பம் போட்டுச் சில வருடங்கள் கழித்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. நான் தயார் செய்த கட்டுகளில் இவளுடையதுதான் மிகவும் ஒழுங்கானது. ஞானஸ்நானப் பதிவின் பிரதி, மகளின் பள்ளிக்கூடச் சான்று, தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் கடிதம் எல்லாவற்றையும் தேதி வரிசைப்படி அடுக்கிப் பச்சை நாடாவால் கட்டியிருந்தேன். பழைய பேரேடுகளைக் கறையான் தின்றுவிட்டபடியால், இவள் தொடர்ந்து வேலை செய்தாள் என்று கிளாக்கர் ஞாபகத்திலிருந்தே எழுதிக் கொடுத்திருந்தார். எங்கும் ஓட்டை இல்லை.

விசாரணைக்கு முந்திய சனிக்கிழமை, கேள்வி கேட்டுப் பழக்கலாம் என்று தாயையும் மகளையும் வரச்சொன்னேன். மகள் தண்ணீர் எடுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். தாய் முதலில் வந்தாள்.

“இந்தியாவுக்குப் போயிருக்கியா?” என்று அதிகாரியின் தோரணையில் கேட்டேன்.

“போயிருக்கேன்யா.”

“எவ்வளவு நாள்?”

“பதினாலு மாசம்.”

பேனாவைக் கீழே வைத்தேன். அவளோ ஒன்றும் நடக்காதது போல் சொல்லிக்கொண்டு போனாள். மகளுக்கு இரண்டு வயதில் கடுங்காய்ச்சல். பிழைத்தால் வேளாங்கண்ணியில் முடியிறக்குவதாக நேர்ந்துகொண்டாள். பிழைத்தது. உலக யுத்தத்துக்கு முன்பு, தாயும் தகப்பனும் பிள்ளையுமாகக் கப்பலேறினார்கள். நேர்த்தியை முடித்துவிட்டுத் திருச்சிப் பக்கம் புருஷனின் சொந்தக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் அவன் நோயில் படுத்துவிட்டான். அங்கேயே செத்தும் போனான்.

“ஏம்மா, இத ஃபாரம் நிரப்பும்போதே சொல்லக்கூடாதா?”

“நீங்க கேக்கலையேய்யா.”

கேட்கவில்லைதான். விண்ணப்பம் நிரப்பிய நாளின் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். ஒரே நாளில் பதினேழு விண்ணப்பங்கள். எல்லாவற்றிலும், வெளிநாடு போனதுண்டா என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று நானே எழுதியிருந்தேன். ஒழுங்கானவன் என்று பெயரெடுத்தவன் செய்த வேலை.

யோசித்தேன். அவள் போனதற்கு எழுத்தில் சாட்சி எதுவும் இல்லை. விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்றே இருக்கிறது. அதை அவள் வாயால் ஒரு தடவை சொன்னால் போதும். புருஷன் எங்கே இறந்தான் என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கும் பதில் கண்டுபிடித்தேன்.

“அவர் மட்டுந்தான் போனாரு, போன எடத்துல செத்துட்டாரு, நான் பிள்ளையோட இங்கதான் இருந்தேன்னு சொல்லு. அவ்வளவுதான்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “ஞாயித்துக்கிழம பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சி சொல்லாதேன்னு எட்டாம் கற்பனை சொல்லிக் குடுக்குறீங்க. சனிக்கிழம அது செல்லாதாய்யா?”

எனக்கு முகம் சூடேறியது. வேதாகமத்தில், எகிப்து ராஜா பாரவோனிடம் பொய் சொல்லிக் குழந்தைகளைக் காப்பாற்றிய மருத்துவிச்சிகளின் கதையைச் சொன்னேன். அவர்களுக்கு ஆண்டவர் நன்மையே செய்தார் என்றேன். அநியாயக்காரன் கேட்கும் கேள்விக்கு உண்மை சொல்லும் கடமை இல்லை என்றும் சேர்த்துக்கொண்டேன்.

“ஓகோ, அதான் எம் பொண்ணும் மருத்துவிச்சிக்குப் படிக்கணும்ங்கிறாளோ?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, “பாப்போம்யா” என்றாள். அந்த ‘பாப்போம்’ எனக்குப் பிடிக்கவேயில்லை. அதற்குள் மகள் வந்துவிட்டாள். பேச்சு அங்கே நின்றது.

மறுநாள் எங்கள் தோட்டத்தில் பூசை. மாதத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வரும் சாமியாரைத் தனியாகப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். அவர் பூசை உடுப்புகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். “பொய் சொல்லு என்று நான் சொல்ல முடியாது, மாஸ்டர். உண்மையைச் சொல்லி உன் பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஜெபியுங்கள்” என்றார்.

ஜெபியுங்கள்! அந்த வருடங்களில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. வாக்குரிமை போனபோது ஜெபித்தோம். வாக்காளர் இடாப்பில் பெயர் வெட்டப்பட்டவர்களுக்காக ஜெபித்தோம். தீமையிலிருந்து எங்களை விடுவியும் என்று ஒவ்வொரு மாலையும் லயங்களில் செபமாலை சொல்லும் சத்தம் என் அறைவரை கேட்கும். விடுவித்ததாக என் குறிப்புகளில் ஓரிடத்திலும் இல்லை. இதைச் சாமியாரிடம் சொல்லவில்லை. அன்று ஞானோபதேச வகுப்பை அரை மணி முன்பாகவே முடித்துவிட்டேன்.

விசாரணை செவ்வாய்க்கிழமை, ஹட்டனில். தூறல். கொட்டகலையிலிருந்து மூவரும் பஸ்ஸில் போனோம். அதிகாரி சிங்களவர், நடுத்தர வயது, நாகரிகமானவர். அவளை உட்காரச் சொன்னார். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். மொழிபெயர்க்க யாழ்ப்பாணத்தவர் ஒருவர் இருந்தார். வேதப்புத்தகத்தைத் தொட்டு அவள் சத்தியம் செய்தாள். மகள் பக்கத்தில் நின்றாள். நான் சுவரோரம் நின்றேன்.

பிறந்த இடம், வேலை, கல்யாணம் எல்லாம் ஒழுங்காகப் போயிற்று. அதிகாரி என் பச்சை நாடாவை அவிழ்த்துத் தாள்களைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது.

“அம்மா, உங்கட புருஷன் எங்கை செத்தவர்?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“இந்தியாவுலங்க. திருச்சிப் பக்கம்.”

“அப்ப நீங்கள் எங்கை இருந்தனீங்கள்?”

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. “அவரு பக்கத்துலதாங்க இருந்தேன். எம் மடியிலதான் தலைய வச்சிருந்தாரு. கஞ்சித் தண்ணி கேட்டாரு, குடுத்தேன். ரெண்டு மொடக்கு குடிச்சாரு. பிள்ள எங்கன்னு கேட்டாரு. தூங்குதுன்னு சொன்னேன். எழுப்பாதன்னாரு. அப்பறம் பேசல.”

மொழிபெயர்ப்பாளர் இதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி பேனாவை உருட்டினார். பிறகு மெதுவாக ஏதோ கேட்டார்.

“ஐயா கேக்கிறார், கனகாலம் முந்தின கதையல்லோ, ஞாபகம் பிசகியிருக்கலாம். மொத்தமாய் ஒரு பத்து, பதினொரு மாதம் எண்டு எழுதலாமோ?”

அரசாங்கமே இறங்கிவந்து வழி காட்டுகிறது! நான் சுவரோரமிருந்து தலையை ஆட்டினேன். இருமினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கைக்குட்டையை எடுத்துக்கூட ஆட்டினேன்.

அவள் நிதானமாக விரலை மடக்கினாள். “வேளாங்கண்ணிக்குப் போய் வந்தது ஒரு மாசங்க. அவரு படுத்திருந்தது பத்து மாசம். நாப்பதாம் நாள் பூசை வச்சது ஒரு மாசத்துக்கு மேல. அப்பறம் எனக்குக் காய்ச்ச. இதுல எந்த மாசத்தங்க கொறைக்கிறது?”

அதிகாரி எழுதினார். வேறு கேள்வி கேட்கவில்லை.

வெளியே வந்ததும் மகள் முன்னால் நடந்து பஸ் நிற்குமிடத்துக்குப் போய்விட்டாள். நான் தாயைப் பிடித்துக்கொண்டேன்.

“சத்தியம் பண்ணிட்டோமேன்னு பயந்தியா? அப்பறம் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கலாமே, அம்மா! அவரே பதினொரு மாசம்னு எடுத்துக் குடுத்தாரே!”

“சத்தியத்துக்குப் பயந்தில்லய்யா. நானும் வழியெல்லாம் நீங்க சொன்னதச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டுத்தான் வந்தேன். அவரு மட்டும் போனாரு, அவரு மட்டும் போனாருன்னு. வரலய்யா. அப்படிச் சொன்னா அவரு யாருமில்லாம செத்தாருன்னு ஆயிடும்ல? செத்துப்போன மனுசன், அவரு வந்து இல்லன்னு சொல்லப் போறாரா?”

எனக்குக் கோபம் அதிகமாயிற்று. பஸ்ஸில் நான் வேறு ஆசனத்தில் உட்கார்ந்தேன்.

அன்று மாலை குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்று உறைத்தது. சட்டம் அவளிடம் பதினான்கு மாதக் கணக்கைத்தான் கேட்டது. அந்த மனிதனை அநாதையாகச் சாகவைக்கும் யோசனை சட்டத்தினுடையதல்ல, என்னுடையது. தாள்களை அடுக்கி நாடா கட்டிய அதே சுத்தத்தோடு அதையும் செய்திருந்தேன். தீமையை எதிர்த்து நிற்பதாக நினைத்துக்கொண்டு அதற்கு எழுத்துவேலை செய்து கொடுத்திருக்கிறேன். இதை எழுதிவிட்டு, அவள் மேல் உள்ள கோபம் குறையவில்லை என்பதையும் கீழே எழுதினேன். அதுவும் உண்மைதான்.

நிராகரிப்புக் கடிதம் நான்கு மாதத்தில் வந்தது. மகளுக்குப் பயிற்சி இடம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை காலை, பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க நின்றவர்களில் மகளையும் பார்த்தேன். புதுக் கூடை. அன்று என்னால் வகுப்பில் ஒழுங்காகப் பாடம் சொல்ல முடியவில்லை. மாலையில் அவளே பாடசாலைக்கு வந்தாள்.

“அம்மா மேல கோவமா?” என்று கேட்டேன்.

“கோவந்தான் சார். ரெண்டு வாரம் பேசல. இப்பவும் முழுசாப் பேசல.” விரல் நுனியில் கொழுந்துக் கறை ஏறியிருந்தது. அதைப் பாவாடையில் தேய்த்துக்கொண்டு நின்றாள். “அப்பா இந்தியாவுல செத்தாருன்னு மட்டுந்தான் சார் எனக்குத் தெரியும். என் நேர்த்திக்குப் போய்த்தான் செத்தாருன்னு நான் நெனச்சிருவேனோன்னு அம்மா மத்தத ஒண்ணுமே சொல்லல. எழுப்பாதன்னு சொன்னாராம்ல... அத அந்த ஆபீசுலதான் முதமுதலாக் கேட்டேன்.” பிறகு, “இருந்தாலும் கோவந்தான் சார்” என்றாள். எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்தது.

மேன்முறையீடு செய்யலாமா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். தாயும் பின்னால் வந்து வாசலில் நின்றாள்.

“செய்யலாம். ஆனா காரணம் வேணும். உங்கிட்ட என்ன காரணம் இருக்கு?” என்று தாயிடம் எரிந்து விழுந்தேன்.

“நடந்ததுதான்யா காரணம். நடந்தத எழுதுங்க.”

“அது செல்லாது.”

“செல்லாட்டியும் அதானேய்யா நடந்துச்சு?”

எழுதினேன். மூன்று மாலை பிடித்தது. படிவத்தில் காரணத்துக்கு ஆறு வரிதான் இடமிருந்தது. தனித்தாள்கள் நான்கு சேர்க்க வேண்டியதாயிற்று. அவள் ஒவ்வொன்றையும் திருத்தினாள். கஞ்சியில்லை, கஞ்சித் தண்ணி. காலையில்லை, விடிகிற நேரம். சட்டத்துக்கு இதனால் என்ன என்று இரண்டு தடவை பேனாவை வைத்தேன், இரண்டு தடவை எடுத்தேன். கடைசித் தாளில், விண்ணப்பத்தில் ‘இல்லை’ என்று எழுதியது விண்ணப்பதாரியல்ல, கேட்காமலே எழுதியவன் நான் என்று என் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தேன். இதனால் எனக்கு வேலையில் தொல்லை வரலாம் என்று மகள் சொன்னாள். தெரியும் என்றேன். மகள்தான் எல்லாவற்றையும் நல்ல எழுத்தில் பிரதி செய்தாள். பிழை தேடினேன். இல்லை.

தபாலில் போட மூவருமாகக் கொட்டகலைக்கு இறங்கினோம். முத்திரை ஒட்டி உறையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, “இது தள்ளுபடியாத்தான் வரும்மா. இப்பவே சொல்லிட்டேன். அப்பறம் என்னைக் குத்தம் சொல்லக்கூடாது” என்றேன்.

“வரட்டும்யா” என்றாள் தாய். “அவங்க எழுதுற பதில அவங்க எழுதட்டும். அத முன்கூட்டியே நீங்க ஏன் எழுதுறீங்க? ஆண்டவருக்கும் கொஞ்சம் வேல வைங்க.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். விசாரணைக்குப் பிறகு தாயோடு சேர்ந்து அவள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இருவரும் கடைத்தெருப் பக்கம் போனார்கள். நான் அவர்களோடு போகவில்லை. இத்தனைக்குப் பிறகும் தள்ளுபடியாகாது என்று ஏதோ ஒரு மூலையில் நானும் நம்பத் தொடங்கியிருந்தேன். அது எனக்கு மிகவும் எரிச்சலாக இருந்தது.