பிசாசு பேசிய பாஷை

பக்திப் படம் எடுக்கிறவர்களுக்குச் செபம் என்றால் என்னவென்று தெரியாது. பிசாசைப் பற்றி அதைவிடக் குறைவாகத் தெரியும். அறுபதுகளின் கடைசியில், ராயபுரத்தில், எங்கள் கோயில் மைதானத்து மணலில் உட்கார்ந்து பார்த்த ஒரு படத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

தவக்காலத்தில் படம் காட்ட ஒரு வேன் வரும். இரண்டு மூங்கில் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். மீன்காரர்கள், ஹார்பர் கூலிகள், ரயில்வேக்காரர்கள் என்று பங்கு முழுக்கக் குடும்பத்தோடு வந்து உட்காரும்.

படத்தில் ஒரு பெண்ணுக்கு நோய். டாக்டர் கை விரித்துவிடுகிறார். கதாநாயகன் முழங்காலில் நின்று மேலே பார்க்கிறான். டார்ச் அடித்தது மாதிரி அவன் மூஞ்சியில் வெளிச்சம் விழுகிறது. உடனே வயலின். அவன் செபித்த தமிழை எங்கள் தெருவில் செத்தவன்கூடப் பேசியதில்லை. கடவுள் தமிழ்ப் பண்டிதர், இலக்கணம் பார்த்துத்தான் வரம் கொடுப்பார் என்று எடுத்தவனுக்கு நினைப்பு.

பிசாசுக்குக் கட்டம் போட்ட லுங்கி, வாயில் பீடி. "இன்னாமே, எங்கைல மோதறியா நீ?" என்று அது சிரித்தது. படம் முழுக்க எங்கள் பாஷை பேசியது அது ஒன்றுதான். எங்கள் ஜனம் கைதட்டியது. காறித் துப்புவது தங்கள் மூஞ்சியில்தான் என்று ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

கடைசியில் போர். இடி இடிக்கிறது, ஜன்னல் அடித்துக்கொள்கிறது. கதாநாயகன் சிலுவையை நீட்டி, "யார் நீ? உன் பெயரைச் சொல்!" என்று கத்துகிறான். பிசாசு புகையாகப் போகிறது. அந்தப் பெண் எழுந்து மருந்து பாட்டிலைத் தரையில் அடித்து உடைக்கிறாள். சுபம்.

என் தங்கச்சிக்கு வலிப்பு இருந்தது. பெரியாஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையால் இரண்டு வருஷமாக வராமல் இருந்தது. அந்த மாத்திரைக்காக அம்மா மாதாமாதம் விடியற்காலையில் போய் வரிசையில் நிற்பாள். கையில் செபமாலை ஓடிக்கொண்டிருக்கும். முதல் நாள் இறால் உரித்த நாற்றம் அந்தக் கையை விட்டுப் போயிருக்காது. மாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது தூங்கி விழுவாள், விழித்ததும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். நான் பார்த்த செபம் அதுதான். அதைப் படம் பிடிக்க எவனுக்கும் துப்பில்லை.

ஆனால் படத்தில் அந்த மருந்து பாட்டில் உடைந்தது அம்மா மனசில் நின்றுவிட்டது. எங்கள் தெருவிலேயே இருந்த உபதேசியார் வந்து அதை இன்னும் ஊதிவிட்டார். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிற மனுஷன். மாத்திரையை நம்புகிறவள் ஆண்டவரை நம்பவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா மாத்திரையை நிறுத்தினாள். நான் திருவொற்றியூரில் ஃபிட்டராக இருந்தேன். ஷிஃப்ட் முடிந்து வந்து தினமும் சண்டை போட்டேன். ஒரு படத்தைப் பார்த்து வைத்தியம் பார்ப்பார்களா என்று கேட்டால், நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாததால்தான் வீட்டில் பிசாசு நுழைந்தது என்றாள்.

ஈஸ்டர் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு எழுந்திருக்கும்போது தங்கச்சி விழுந்தாள். நான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைப்பதற்குள் உபதேசியாரும் செபக்கூட்டத்துப் பெண்கள் ஐந்தாறு பேரும் உள்ளே வந்துவிட்டார்கள். என்னைச் சுவரோரமாகத் தள்ளினார்கள். ஒருத்தி தங்கச்சியின் கால்மேல் உட்கார்ந்தாள். உபதேசியார் மந்திரித்த தண்ணீரை அவள் மூஞ்சியில் அடித்தார். வலிப்பு நின்றது, வாயோரம் நுரை காய்ந்தது, கண் திறந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் அப்படித்தான் நிற்கும், யாரும் பிசாசு ஓட்டாமலே.

அவள் சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு ஏம்மேல குந்திக்கினு கீறீங்க? வுடுங்க. தொண்ட காயுது."

பெண்கள் அலறிப் பின்வாங்கினார்கள். சாத்தான் பேசுது, அதே குரல், படத்தில் கேட்ட அதே பேச்சு என்றார்கள். காலையில் குழாயடியில் குடத்துக்காக இதே பாஷையில் சண்டை போட்டவர்கள்தான். உபதேசியார் எழுந்து நின்று சிலுவையை நீட்டினார்.

"யார் நீ? உன் பெயரைச் சொல்!"

தங்கச்சி தன் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னாள். பொய் என்று கன்னத்தில் அறைந்தார். மறுபடி கேட்டார். அவள் மறுபடி அதே பெயரைச் சொன்னாள். அழக்கூட இல்லை. தன் பெயர் எப்படித் தப்பாகப் போனது என்று புரியாமல் அம்மாவைப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவர் கை ஓங்கும்போது நான் பாய்ந்தேன். அதற்குள் அம்மா அந்தக் கையைப் பிடித்திருந்தாள்.

"அது ஏம் பொண்ணு பேசற பேச்சுதாங். பொறந்ததுலேர்ந்து இப்டித்தாங் பேசுது. நீ எப்டி பேசுவ? காலைல கறிக்கடைல எலும்ப போட்டுக் குட்த்தான்னு கத்திக்கினு இருந்தியே, அப்ப உன்குள்ள யாரு இருந்தாங்கோ?"

உபதேசியார் அவளையும் சபிக்கப் பார்த்தார். சினிமாத் தமிழில் தொடங்கினார், வாக்கியத்தின் பாதியில் மறந்துவிட்டது. அம்மா கதவைக் காட்டினாள். வெளியே போனதும் அவர் திட்டியது சுத்தமான ராயபுரத்துப் பாஷை.

அம்மா மாத்திரையைத் தூக்கிப் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்திருந்தேன். போடவில்லை. துணிப் பெட்டியின் அடியில், புடவைகளுக்குக் கீழே வைத்திருந்தாள். எடுத்து வந்து ஒன்றைத் தங்கச்சியின் உள்ளங்கையில் வைத்தாள், தண்ணீரும் கொடுத்தாள்.

தங்கச்சி விழுங்கவில்லை. கன்னம் வீங்கிக்கொண்டிருந்தது.

"நாளிக்கும் குடுப்பியா?"

அம்மா மாத்திரை டப்பாவையே எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டு, அறையில் சிந்திக் கிடந்த தண்ணீரைத் துடைக்கப் போனாள்.