அறுபத்தொன்றாவது பிள்ளை

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியாது. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே தலைகளை எண்ணுவேன். எண்ணி முடித்த வகுப்பையே திரும்பவும் எண்ணுவேன். பக்கத்து வகுப்பு டீச்சர் கொஞ்சம் வெளியே போனால் அவர் வகுப்பையும் எட்டிப் பார்த்து எண்ணிவிட்டு வருவேன். ஆகஸ்ட் முதல் தேதி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் எத்தனை ஆசிரியர்கள் என்று முடிவு செய்வார்கள். முப்பது பிள்ளைக்கு ஒருவர். ஒன்று முதல் ஐந்து வரை மொத்தம் அறுபது பிள்ளைகள் என்றால் இரண்டு பேர் போதும். அறுபத்தொன்று என்றால் மூன்றாவது ஆளும் உண்டு. அந்த மூன்றாவது ஆள் நான். கடைசியாக வந்து சேர்ந்தவர் யாரோ அவரைத்தான் 'உபரி' என்று எழுதுவார்கள். சம்பளம் நிற்காது, வேலை போகாது. ஊர்தான் போகும்.

எனக்கு ஊர் போவது சின்ன விஷயமில்லை. வேலை கிடைத்த புதிதில் வேறு மாவட்டத்தில் ஒரு மலைக் கிராமத்துப் பள்ளியில் போட்டார்கள். மகளை இங்கே விருத்தாசலத்தில் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, வாரக் கடைசியில் மட்டும் வந்து போனேன். வீட்டுக்காரர் அப்போது மஸ்கட்டில் இருந்தார், இப்போதும் அங்கேதான். மகளுக்குப் பல் விழுந்ததும் முளைத்ததும் எனக்குப் போனில்தான் தெரியும். ஒவ்வொரு கலந்தாய்விலும் போய் உட்கார்ந்து, ஒருவழியாக இந்த ஊருக்கு மாறுதல் வாங்கி வந்தபோது அவள் ஏழாம் வகுப்புக்குப் போயிருந்தாள். என்னை விருந்தாளி மாதிரி நடத்தினாள். டீ போட்டுக் கொடுத்தால் தேங்க்ஸ் சொல்வாள். அந்தத் தேங்க்ஸ் நிற்கவே ஒரு வருஷம் ஆயிற்று. இப்போதுதான் என்னோடு சண்டை போடுகிறாள், தலை பின்னும்போது வலிக்கிறது என்று கத்துகிறாள். அதை விட்டுவிட்டு மறுபடியும் பெட்டியைத் தூக்க என்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளி ரயில்வே ஜங்ஷனுக்கும் செராமிக் பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றியுள்ள சொந்த வீட்டுக்காரர்களின் பிள்ளைகள் காலையில் டை கட்டிக்கொண்டு மஞ்சள் வேனுக்குக் காத்து நிற்பார்கள். கொஞ்சம் பேர் சர்ச் பள்ளிக்கூடத்துக்குப் போவார்கள். எங்களிடம் வருகிறவர்கள் மிச்சம். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களின் பிள்ளைகள். பெண்ணாடம் பக்கம் கரும்பு வெட்டப் போகிறவர்களின் பிள்ளைகள். வெட்டு தொடங்கிவிட்டால் இவர்களில் பாதிப் பேரைப் பார்க்க முடியாது. சுரங்கத்துக்கு நிலம் போய்விட்டது என்று கம்மாபுரம் பக்கமிருந்து இங்கே வாடகைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். சில வருஷமாக, செராமிக் கூடங்களில் வேலை செய்யும் பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகளும் வருகிறார்கள். பெயர் கூப்பிட்டால் பாதி இந்தியா "உள்ளேன் டீச்சர்" என்று எழுந்து நிற்கும்.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று உண்டு. கீழ் வகுப்புகளுக்கு நான் ஒரு தலை கூடுதல் என்று கணக்குப் போடுகிற அதே கட்டடத்தில், மாடியில், ஆறு முதல் எட்டு வரை உள்ள மேல் வகுப்புகளுக்கு அறிவியல் ஆசிரியரே கிடையாது. போன வருஷமே மாறுதலில் போய்விட்டார். அந்தப் பாடவேளையில் பிள்ளைகள் படம் வரைவார்கள், இல்லாவிட்டால் பெஞ்சைத் தட்டுவார்கள். நான் போய் நடத்துகிறேனே என்றால், அந்தப் பதவி வேறு, உன் பதவி வேறு என்கிறார்கள். கீழே கூட்டம், மேலே காலி. நடுவில் இருக்கிற படிக்கட்டில் ஏறி இறங்க யாருக்கும் உத்தரவு இல்லை.

மே மாத வெயிலில் ஹெச்.எம். ஸ்கூட்டி ஓட்ட, நான் நோட்டீஸ் கட்டோடு பின்னால் உட்கார்ந்து தெருத் தெருவாகப் போனோம். மோர் கொடுப்பார்கள், ஃபேன் போடுவார்கள், பிள்ளையை மட்டும் கொடுக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உங்க ஸ்கூலுக்கு வேன் வருமா என்றார் அந்த வீட்டுக்காரர். அவர் வாசலில் நின்றால் எங்கள் பள்ளியின் கேட் தெரியும். ஹெச்.எம். சிரித்துச் சமாளித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படி அலைந்து திரிந்தும் ஜூன் கடைசியில் அறுபதில் வந்து நின்றுவிட்டது.

ஜூலை முதல் வாரத்தில் அந்தப் பெண் வந்தாள். பீகார்க்காரி. அவள் அம்மா செராமிக் கூடத்தில் டீ கப்புகளின் விளிம்பை ஈரப் பஞ்சால் துடைத்துச் சீராக்குகிற வேலை செய்கிறாள். அம்மா இங்கே வந்து சில வருஷம் ஆகிவிட்டதால் தமிழ் நன்றாகவே பேசுவாள். பெண் இதுவரை ஊரில் படித்துவிட்டு இப்போதுதான் வந்திருந்தாள். ஊரில் ஐந்தாவது முடித்திருந்தாள், அங்கே பள்ளி அதுவரைதான். ஆதார் அட்டைப்படி பதினொரு வயது. சட்டப்படி வயதுக்கேற்ற வகுப்பு என்றால் ஆறாவது. ஆனால் தமிழ் எழுத்து தெரியாத பிள்ளை வந்தால் ஒரு வகுப்பு கீழே உட்கார வைப்பது எங்கள் பக்கத்தில் எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான். பெரும்பாலும் அது அக்கறையில் செய்கிற காரியம். மேலே போய்த் திருதிருவென்று முழிக்கக் கூடாதே என்று. ஹெச்.எம். இவளையும் ஐந்தாவதில் சேர்த்தார். ஒரு வருஷம் தமிழ் படிக்கட்டும் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவளோடு அறுபத்தொன்று. எனக்காகத்தான் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஐந்தாவது என் வகுப்பு. மற்றவர்கள் கணக்கை எழுதி முடிப்பதற்குள் அவள் விடையோடு நிற்பாள். பின்னம், வகுத்தல், எது போட்டாலும் இந்தியில் முணுமுணுத்துக்கொண்டே போட்டுவிடுவாள். முடித்ததும் சும்மா இருக்க மாட்டாள். பக்கத்துப் பிள்ளையின் கணக்கையும் வாங்கிப் போட்டுக் கொடுப்பாள். போனில் வைக்கிற கற்றல் திறன் தேர்வில் கணக்கு அத்தனையும் சரி, தமிழ் அத்தனையும் தப்பு. இரண்டையும் கூட்டி வகுத்து, பின்தங்கியவள் என்று காட்டியது அது.

என் கவலையெல்லாம் அவள் ஆகஸ்ட் முதல் தேதி வரை ஊரில் இருக்க வேண்டும் என்பதுதான். இந்தக் குடும்பங்கள் திடீரென்று ரயிலேறிவிடும். கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம் என்று ஒரு சாயங்காலம் கூடத்துக்குப் போனேன். எங்கே பார்த்தாலும் வெள்ளை மண் தூசி, சூளைச் சூடு. அவள் அம்மா பலகையில் கப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஊருக்குப் போகிற எண்ணம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"இப்ப போக மாட்டோம் டீச்சர். பாப்பாவுக்குப் பதினாலு வயசு முடியட்டும், அப்பறம் அனுப்பிடுவோம். இங்க ஆம்பளைங்க எல்லாம் ஒரே ஷெட்டுல படுக்கிறாங்க, பெரிய பொண்ணை வெச்சிக்க முடியாது. அதுக்குள்ள எட்டாவது முடிச்சிடும். முடிச்சா பின்னாடி எங்க ஊர்ல அங்கன்வாடி வேலைக்கு எழுதிப் போடலாம்."

மகள் ஆறாவது படிக்கிறாள் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். ஆறு, ஏழு, எட்டு என்று விரல்விட்டு எண்ணி வைத்திருக்கிறாள். இப்போது ஐந்தாவதில் உட்கார்ந்தால் ஏழாவதோடு ரயிலேறிவிடுவாள். எட்டாவது கிடையாது, அங்கன்வாடியும் கிடையாது. வாயில் வந்ததைச் சொல்லாமல், சரி வரேன் என்று கிளம்பிவிட்டேன். ஜங்ஷன் வரை நடந்தேன், திரும்பி மார்க்கெட் வரை நடந்தேன், வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை.

கூட வேலை பார்க்கிற டீச்சரிடம் சொன்னேன். அந்தப் பிள்ளை மூணு வருஷம் இங்கே இருக்குமா இல்லையா என்று யாருக்குத் தெரியும், நீ ஏன் இல்லாத ஊருக்கு வழி தேடுகிறாய் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தமிழ் தெரியாமல் ஆறாவதில் போய் என்ன செய்வாள் என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். அதிலும் நியாயம் இருந்தது. எனக்கு வேண்டிய நியாயம் எல்லாம் வரிசையில் நின்றது. அதனாலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஜூலை கடைசி வாரம் வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். அவள் எழுந்து போய் ஒரு பையனின் ஸ்லேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் உட்கார மாட்டாயா என்று சத்தம் போட்டேன். அவள் அப்போதுதான் பழகியிருந்த தமிழில், பயமில்லாமல் சொன்னாள்.

"டீச்சர், இது நான் படிச்சாச்சு."

பெரிய மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம்தான் வந்தது. அவள்மேல், ஹெச்.எம். மேல், கணக்குப் போடுகிறவர்கள் மேல், எல்லார்மேலும். அவள் பையை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு படியேறி ஆறாவது வகுப்பில் உட்கார வைத்தேன். கீழே வந்து ஹெச்.எம்.மிடம், அவளை ஆறாவதுக்கு மாற்றிவிடுங்கள் மேடம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"நல்லா யோசிச்சியாம்மா? இனிமே வேற புள்ளைய எங்கேர்ந்து புடிப்ப?"

"தேடுறேன் மேடம்," என்றேன்.

தேடினேன். பள்ளி விட்டதும் பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கத்துக் குடிசைகள் என்று அலைந்தேன். வயிற்றுப் பிள்ளைக்காரி யாரையாவது பார்த்தால்கூட அந்தப் பிள்ளை எப்போது பள்ளிக்கு வரும் என்று கணக்குப் போட்டேன். இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மா, பேத்தியை நாளைக்கே கூட்டி வருகிறேன் என்றார். நாளையும் வந்தது, மறுநாளும் வந்தது, பேத்தி வரவில்லை. போய்க் கேட்டால், மகன் வேனுக்குப் பணம் கட்டிவிட்டானாம். ஆகஸ்ட் முதல் தேதி நான் காலையிலிருந்து கேட்டிலேயே நின்றேன். அறுபது.

அடுத்த வாரம் நல்லூர் பக்கமிருந்து குடிவந்த ஒரு குடும்பம் இரண்டு பிள்ளைகளைக் கொண்டுவந்து ஒன்றாவதில் சேர்த்தது. எண்ணிக்கை முடிந்துவிட்டதால் அவர்கள் கணக்கில் வர மாட்டார்களாம். இரண்டும் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தன. எனக்கு அவற்றைக் கொஞ்சவா, அடிக்கவா என்று இருந்தது.

நான் உபரி ஆனதை என் மகளிடம் நானே சொன்னேன். எதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"அப்ப அவளை அஞ்சாவதுலயே வெச்சிருக்கலாம்ல?"

அவளுக்கு வயதும் எட்டாவதும் அங்கன்வாடியும் விளக்கிச் சொன்னேன். முழுதும் கேட்டாள். மறுநாள் காலை டீயைக் கையில் கொடுத்தபோது தேங்க்ஸ் என்றாள்.

உபரி ஆசிரியர்களை வேறு பள்ளிக்கு மாற்றுகிற பணிநிரவல் கலந்தாய்வில் என் முறை வருவதற்குள் பக்கத்து ஊர்களெல்லாம் முடிந்துவிட்டன. மாவட்டத்தின் மறுகோடியில், கடலோரத்தில் ஒரு பள்ளி கிடைத்தது. தினம் போய் வருவது நடக்காது. வாரநாட்களில் அங்கே தங்க வேண்டும். அக்காவிடம் மறுபடியும் கேட்டேன். அவளும் மறுபடியும் சரி என்றாள்.

பள்ளியில் கடைசி நாள் சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மா மகளைக் கூட்டிப்போக வந்தாள். நான் போவது அவளுக்குத் தெரிந்திருந்தது. எதனால் என்று தெரியாது, நானும் சொல்லவில்லை. கையில் அப்பியிருந்த வெள்ளை மண்ணைச் சேலையில் துடைத்தபடி கேட்டாள்.

"நீங்க போற ஊர்ல சூளை இருக்குதா டீச்சர்? இருந்தா நாங்களும் அங்க வந்துடுறோம். எங்களுக்கு எங்கன்னாலும் ஒண்ணுதான்."

இல்லை, அங்கே கடல்தான் இருக்கிறது, மீன் பிடிக்கிறவர்கள் ஊர் என்றேன். அவள் அதை உண்மையாகவே யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். உங்க பொண்ணும் கூட வருதா என்று கேட்டாள். இல்லை, இங்கே அக்கா வீட்டில் இருப்பாள் என்றேன். அப்போதுதான், இவளுக்கு மூத்தவள் ஒருத்தி ஊரில் இருப்பதாகச் சொன்னாள். சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்தார்களாம். இப்போது அவளுக்கு என் மகள் வயது.

நான் அவளிடம் கேட்கக் கூடாததைக் கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பழகிடுமா?"

அவள் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"புள்ளைக்குப் பழகிடும் டீச்சர்," என்றாள்.