சோத்துத் தட்டும் மைக் தட்டும்

1. ஓங்காளம்

மைக் சிங்கராசா எங்கடை கிளினிக் கதிரையில இருந்து ஓங்காளிச்ச அண்டைக்குத்தான் என்ரை சின்ன வயசு முடிஞ்சுது. அப்ப எனக்கு அறுபது தாண்டியிட்டுது.

நான் பல்லுக் கட்டுற ஆள். அரசாங்க ஆஸ்பத்திரியில வேலை செய்து பென்சன் எடுத்துப்போட்டு, இப்ப கரவெட்டிப் பக்கம் ஒரு தனியார் கிளினிக்கின்ரை பின்னறையில இருக்கிறன். முன்னுக்கு டொக்டர் பிள்ளை அளவெடுப்பா. பின்னுக்கு நான் பிளாஸ்டர், மெழுகு, அக்ரிலிக் எண்டு குந்தியிருந்து தட்டுச் செய்வன். பொய்ப்பல்லு வைச்ச தட்டைத்தான் சொல்லுறன். இந்தத் தொழிலுக்குப் புதுசாய் வாற பிள்ளையளுக்கு இதை எழுதுறன். புத்தகத்தில உது இராது.

சிங்கராசா அண்ணை ஆரெண்டு கேட்டால் வடமராச்சியில அந்தக் காலத்துப் பெடியள் அடிக்க வருவாங்கள். அறிவிப்பாளர். சனசமூக நிலைய விளையாட்டுப் போட்டி, கோயில் தேர், வல்வெட்டித்துறைக் கடற்கரையில வள்ளப் போட்டி, எதெண்டாலும் மைக் அவரிட்டைத்தான். ஒரு துண்டுக் கடதாசி பாக்கமாட்டார். பேரெல்லாம் தலைக்குள்ள. அதைவிடப் பெரிசு அந்த இடைவெளி. "மூன்றாம் இடம்" எண்டு சொல்லிப்போட்டு நிப்பாட்டுவார். சனம் மூச்சு விடாது. ஐஸ்பழக்காரன் மணி அடிக்கமாட்டான். பிறகுதான் பேர் வரும்.

நான் நாலாம் வகுப்பில சாக்கு ஓட்டத்தில மூண்டாவதாய் வந்தனான். ஓடினது நாலு பேர். ஆனால் "மூன்றாம் இடம்..." எண்டு அவர் நிப்பாட்டி, "குணசீலன்!" எண்டு விட்டார் பாருங்கோ, எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. என்ரை பேர் உவ்வளவு வடிவான பேரெண்டு அண்டைக்குத்தான் எனக்கே தெரியும்.

அந்த இடைவெளி பிராணாயாமம் எண்டு எங்கடை தமிழ் வாத்தியார் சொன்னவர். நாங்கள் பெடியள் சிரட்டையை மைக்காய்ப் பிடிச்சு, மூச்சை அடக்கிப் பழகினனாங்கள். பேச்சுப் போட்டியில நான் "தலைவர் அவர்களே" எண்டு சொல்லிப்போட்டு விட்ட இடைவெளியில, இவன் பாடத்தை மறந்திட்டான் எண்டு மணி அடிச்சு இறக்கி விட்டாங்கள். அதோடையாவது திருந்தினனோ? பொம்பிளை பாக்கப் போன இடத்தில மாமனார் பேரைக் கேட்டார். "என்ரை பேர்..." எண்டு நிப்பாட்டினன். மனுசன் உள்ள போய், "பெடியனுக்குக் கொன்னை போல கிடக்கு, வாய் திக்குது" எண்டு சொன்னது எனக்கும் கேட்டது. என்ரை மனிசி அதை இண்டைக்கும் சொல்லிக் காட்டுவா.

அந்தச் சிங்கராசா அண்ணைதான் இப்ப வாயில அளவு ட்ரேயோடை, வாளி பிடிக்கச் சொல்லிக் கையைக் காட்டிக்கொண்டு இருந்தார். ஆனால் ஒண்டு சொல்லவேணும், அந்த ஓங்காளமும் கணீரெண்டு இருந்தது.

2. 'ஆ' செய்த வேலை

அவர் கொண்டு வந்த பழைய தட்டைப் பாத்து எனக்குத் தலை சுத்தினது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு, பாதி அவர் வீட்டிலையே பசை வைச்சு ஒட்டினது. "உதை எப்பிடி அண்ணை வாயில வைச்சிருந்தனீங்கள்? வாயைத் திறந்தால் விழுமே!"

"விழும்தான். நாக்கால தள்ளி ஏத்துறனான்" எண்டார், ஏதோ சைக்கிளுக்குக் காத்தடிக்கிற கதை மாதிரி.

"எவ்வளவு காலமாய்?"

"இளந்தாரி வயசில இருந்து. ஆட்டுக்குக் குழை வெட்டப் போய் பூவரசால விழுந்து முன் பல்லு நாலும் போயிட்டுது. கட்டினவன் ஒரு அரைகுறை. பிறகு கட்டினவங்களும் அப்பிடித்தான். 'ஆ' எண்டு வாயை விரிச்சால் இறங்கிடும். முதலாம், இரண்டாம், மூன்றாம், பாரும், எல்லாத்திலையும் 'ஆ' கிடக்கு. 'இடம்' எண்டதைப் பல்லைக் கடிச்சுச் சொல்லிப்போட்டு, தட்டை ஏத்திப்போட்டுத்தான் தம்பி பேரைச் சொல்லுறது."

என்ரை கையில இருந்த மெழுகுக் கத்தி நிலத்தில விழுந்திட்டுது.

"அப்ப பிராணாயாமம்?"

"ஆற்றை ஆணாயாமம்?"

எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. ஒரு பழுதாய்ப்போன தட்டுக்காக நான் பேச்சுப் போட்டியில தோத்து, மாமன் வீட்டில கொன்னையன் எண்டு பேரெடுத்திருக்கிறன்! நான் மட்டுமே? வடமராச்சியில இண்டைக்கு மைக் பிடிக்கிறவன் எல்லாம் இடைவெளி விடுறான். எல்லாரும் வடிவான சொந்தப் பல்லை வைச்சுக்கொண்டு, பூவரசால விழுந்த ஒருத்தற்றை தட்டைத் தள்ளிக்கொண்டு நிக்கிறாங்கள்.

கோவத்தில ஒரு முடிவெடுத்தன். இந்த மனுசனுக்கு நான் கட்டுற தட்டு அசையப்படாது. மேல் தட்டின்ரை பின் விளிம்பில, அண்ணத்தோடை ஒட்டுற இடத்தில, ஒரு மெல்லிய வரம்பு வைப்பம். போஸ்ட் டாம் எண்டு சொல்லுறது. வயல் வரம்பு தண்ணியை மறிக்கிற மாதிரி அது காத்தை மறிக்கும், தட்டு இழுத்துப் பிடிக்கும். அந்த வரம்பை நான் வைச்ச வைப்பில, மனுசன் கொட்டாவி விட்டும் தட்டு இறங்கேல்லை. டொக்டர் பிள்ளை, "அங்கிள், உங்கடை பெஸ்ட் வேர்க் இது" எண்டவ. எனக்கும் பெருமைதான்.

3. அந்தியேட்டிச் சோறு

அடுத்த கிழமை சனசமூக நிலைய விளையாட்டுப் போட்டி. என்ரை தட்டு வேலை செய்யிறதைக் கேக்க நானும் போனன்.

இடைவெளி இல்லை. "முதலாம் இடம் கௌசிகன் இரண்டாம் இடம் கௌசிகன்" எண்டு கடகடவெண்டு போகுது. ஒருத்தனே ரெண்டு இடமும் எடுத்தால் மற்றவன் எங்கை போறது? பெடியள் சிரிக்கத் துவங்கியிட்டாங்கள். பிறகு பிரதம விருந்தினரைக் கூப்பிட்டார். கூப்பிட்டது நிலையத்தின்ரை பழைய தலைவற்றை பேரை. அந்த மனுசன் செத்து, அவற்றை அந்தியேட்டிச் சோறு திண்ட கை எங்களுக்கு இன்னும் காயேல்லை. உயிரோடை இருந்த பிரதம விருந்தினர் அரைவாசி எழும்பி, என்ன செய்யிறதெண்டு தெரியாமல் திரும்ப இருந்தார்.

"கிழவனுக்கு மூளை தட்டியிட்டுது. மைக்கை வாங்குங்கோடா" எண்டு பின்னால ஆரோ கத்தினான். வாங்கியிட்டாங்கள். வள்ளப் போட்டிக்கு வேறை ஒரு இளம் பெடியனைப் பிடிக்கப் போறம் எண்டும் அங்கையே முகத்துக்கு நேர சொல்லிப்போட்டாங்கள்.

மற்ற நாள் காலமை மனுசன் கிளினிக்குக்கு வந்து நேர பின்னறைக்குள்ள பூந்தார்.

"என்ரை தொழிலைக் கெடுத்துப்போட்டீர்."

"அண்ணை, உதைவிடத் திறமான தட்டு இந்த யாழ்ப்பாணத்திலையே இல்லை."

"அதுதான் சொல்லுறன். திறமாய்ச் செய்து கெடுத்துப்போட்டீர். இதைக் கொஞ்சம் லூசாக்கித் தாரும்."

விசரோ எண்டு கேக்க வாயெடுத்தன். அவர் பகிடிக்குச் சொல்லேல்லை எண்டு விளங்கினாப்போல கேக்கேல்லை. ஸ்டூலை இழுத்துக் குடுத்தன். இருந்தார்.

"பேர் வருகுதில்லைத் தம்பி" எண்டார். மைக் இல்லாத குரலில சொன்னார். "கொஞ்ச காலமாய் உப்பிடித்தான். முந்தித் தட்டை ஏத்துற நேரத்துக்குள்ள பேர் வந்திடும். ஆருக்கும் தெரியாது. இப்பத் தட்டு நிக்குது. பேர் நிக்குதில்லை."

"நீங்கள் சும்மா நிப்பாட்டிப்போட்டு யோசிக்கலாமே?"

"பயமாய்க் கிடக்கு. தட்டு விழுந்தால் ஏத்துவன், அது பழக்கம். சும்மா நிண்டால், பேர் வராதோ வராதோ எண்டு நெஞ்சு அடிக்குது."

"ஒரு துண்டில எழுதி வைச்சிருங்கோவன்."

நிமிர்ந்து பாத்தார். அப்ப மட்டும் பழைய சிங்கராசா வந்திட்டார். "துண்டு பாத்து வாசிக்கிறதுக்கு நான் என்ன தபால்காரனே?"

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. சின்னனில ஏதோ சாமி எண்டு நினைச்ச ஆள், ஒரு ஸ்டூலில இருந்து, பல்லு விழுகிற மாதிரிச் செய்து தா எண்டு கெஞ்சுது. கோவம் எல்லாம் எங்கை போச்சோ தெரியாது.

இழுத்துப் பிடிக்கிற தட்டை ராவிக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை. அதே அச்சில இன்னொரு தட்டு வாத்தன். போஸ்ட் டாம் இல்லை. பின் விளிம்பையும் ஒரு நூல் குறைச்சன். என்ரை தொழிலில வேணுமெண்டு பிழையாய்ச் செய்த தட்டு அது ஒண்டுதான். டொக்டர் பிள்ளை பாத்திட்டு, "அங்கிள், இது விழுமே" எண்டா. "ஓம் பிள்ளை, விழத்தான் செய்தனான்" எண்டன். விசயத்தைச் சொன்னாப்போல, வாயைப் பொத்திக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பினா. சிரிச்சாவோ, கண்ணைத் துடைச்சாவோ, நான் பாக்கேல்லை.

ரெண்டு டப்பாவில வைச்சுக் குடுத்து, "இது சோத்துத் தட்டு, இது மைக் தட்டு. மாத்திப்போடாதையுங்கோ அண்ணை. மைக் தட்டோடை புட்டுச் சாப்பிட்டால் தட்டும் சேர்ந்து போகும்" எண்டு சொல்லி விட்டன்.

4. கடற்கரை

வள்ளப் போட்டிக்குப் பிடிச்ச பெடியன் வந்துதான் இருந்தான். சிங்கராசா அண்ணை நிலையத்தின்ரை இப்பத்தைத் தலைவரிட்டைப் போய் நிண்டு, முதல் போட்டிக்கு மட்டும் மைக்கை வாங்கியிருந்தார். ஒரு பேர் பிழைச்சாலும் உடனை இறக்கிறது எண்டு பேச்சு. நானும் மனிசியும் முன்னுக்குப் போய் மணலில இருந்தம்.

வள்ளங்கள் வந்து சேர்ந்திட்டுது. ஸ்பீக்கர் ஒருக்கால் கீச்சிட்டு அடங்கினது.

"மூன்றாஆம் இடம்..."

தட்டு இறங்கினது எனக்குத் தெரிஞ்சுது. கன்னம் அசைஞ்சுது. என்ரை வாயில இருக்கிறது முழுக்கச் சொந்தப் பல்லு, எண்டாலும் என்ரை நாக்கும் மேல தள்ளுது. கடற்கரையில ஒரு குஞ்சு குருமான் சத்தமில்லை. வா, வா, எங்கை நிண்டாலும் வந்திடு எண்டு அந்தப் பேரை நான் மனசுக்குள்ள கும்பிடுறன்.

"...அலைமகள் வள்ளம், ஓட்டி, றொபின்சன்!"

சரியான பேர். சனம் விசிலடிக்குது. ரெண்டாம் இடமும் சரி, முதலாம் இடமும் சரி. தலைவர் தலையை ஆட்டினார். இளம் பெடியன் தானாய்ப் பின்னுக்குப் போய் நிண்டு கையைக் கட்டியிட்டான்.

அதோடை விட்டிருக்கலாம். மனுசனுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கேல்லை. மைக்கை இறுக்கிப் பிடிச்சார்.

"அன்பான பெருமக்களே! இந்தக் குரலுக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். என் ஆருயிர்த் தம்பி, அவர் பெயர்..."

கன்னம் அசைஞ்சுது. தட்டு ஏறியிட்டுது, செய்தவனுக்குத் தெரியாதோ? ஆனால் பேர் வரேல்லை. மனுசன் என்னை நேர பாக்கிறார். அந்தப் பார்வையில இருந்தது பயம். சனம் மூச்சு விடாமல் நிக்குது. அது பழைய இடைவெளி எண்டுதான் அவைக்கு நினைப்பு.

"...தவராசா!"

இளம் பிள்ளையளே, தட்டு நல்லாய்ப் பொருந்தவேணும் எண்டுதான் நானும் படிச்சனான். முதலில வாய்க்கு அளவெடுங்கோ. பிறகு அந்த ஆளுக்கும் ஒருக்கால் அளவெடுங்கோ. உவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நான் எழும்பிக் கையை உயர்த்தினன். கடற்கரை முழுக்கக் கைதட்டினது. மனிசி என்ரை சாரத்தைப் பிடிச்சு இழுத்தா.

"உது ஆர் தவராசா?"

"நான்தான். பேசாமல் கையைத் தட்டும்."

அவவும் தட்டினா.