வடக்குச் சுவரோரம்

வயல் நடுவில் ஒற்றையாக நிற்கும் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கு எழுநூறு வயசுக்கு மேல். வட்டக் கோபுரம், சக்கிமுக்கிக் கல் சுவர். எந்தக் காலத்திலோ கொள்ளைநோய்க்குப் பயந்து ஊர் மேட்டுக்கு நகர்ந்துவிட்டது. கோயில் மட்டும் இருந்த இடத்திலேயே நின்றுபோனது. கெசியா லார்ட்டரையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். புருஷன் ரூபன் போய்ச் சேர்ந்த பிறகு கோயிலை ஒட்டிய வீட்டில் தனியாகவே இருந்தாள். கோயில் சாவி அவளிடம். காலையில் திறப்பாள், இருட்டுமுன் பூட்டுவாள். நடுவில் பேச்சுக்கு ஓர் ஆள் வராது.

அவள் மகள் வடக்குச் சுவரோரம் இருக்கிறாள். செத்தே பிறந்த குழந்தை. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு ஜெபம் சொல்ல மாட்டேன் என்று அன்றைய பாதிரியார் கையை விரித்துவிட்டார். நல்லா இருக்கட்டும் அந்த மனுஷன், வேறென்ன சொல்ல! கல்லறைக் குழி வெட்டுவது ரூபனின் வேலை. அந்தக் காலத்து ஆட்கள் செய்ததையே அவனும் செய்தான்: கூரை விளிம்புக்கு நேர் கீழே பிள்ளையைப் புதைத்தான். கோயில் கூரையைத் தொட்டு இறங்கும் தண்ணீர் புனிதமாகிவிடும், ஒவ்வொரு மழையும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் என்பது கணக்கு. கல் இல்லை, பேர் இல்லை. மழை பிடித்தால் ரூபன் அங்கே போய் நின்றுவிட்டுத் தொப்பலாகத் திரும்புவான். இவள் துண்டை நீட்டுவாள். இரண்டு பேரும் அதைப் பற்றி வாய் திறந்ததே இல்லை.

அதே மழைதான் சுவரைத் தின்றது. வடக்குச் சுவரின் உள்பக்கம், வாசலுக்கு எதிரே, கிறிஸ்தோபர் புனிதர் பிள்ளை இயேசுவைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடக்கும் பழைய ஓவியம். ஈரம் ஏறி அது உப்பிக்கொண்டு வந்தது. கூரை விளிம்பு நெடுக மழைநீரைப் பிடிக்கத் தகரப் பீலி கட்டி, அந்தத் தண்ணீரை மூலையில் ஒரு பீப்பாயில் இறக்கிவிட வேண்டும் என்றான் சபைக் குழுவின் பெர்சி மாப்ஸ். சொன்னால் பிடித்த பிடியை விடாத ஆள். கெசியா வேண்டாம் என்றாள். காரணம் கேட்டார்கள், சொல்லவில்லை. குழுவில் அவளும் ஒருத்தி; மற்றவர்கள் ஓட்டு பாதிக்குப் பாதி நின்றது. அவள் கைதான் முடிவு.

"சுவரு விழுந்தாத்தான் உனக்கு மனசு ஆறுமா, கெசியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான் பெர்சி. அவள் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுவாரம் கோயிலைப் பெருக்கும்போது துடைப்பத்தோடு சுண்ணாம்புச் சில்லு ஒன்று வந்தது. எடுத்துத் திருப்பினாள். பிள்ளையின் கன்னம். நிமிர்ந்து பார்த்தால் புனிதர் தோளில் முகம் பாதிதான் இருந்தது. தன் பிள்ளைக்காக இந்தப் பிள்ளையைக் கரைத்துக்கொண்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே சில்லைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். அடுத்த கூட்டத்தில் பீலிக்குச் சம்மதம் என்று கையைத் தூக்கினாள். வீட்டுக்கு வந்து ரூபனின் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பீலி கட்டி முடித்தபின் வந்த முதல் மழையில் சுவரோரம் காய்ந்தே கிடந்தது. கல்லறைப் பூக்களுக்கு ஊற்றும் வாளியைப் பீப்பாயில் முக்கி, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நடந்தாள். பீலி ஒழுகுகிறதா என்று பார்க்க வந்த பெர்சி எதிரே நின்றான்.

"அங்க செடி ஒண்ணுமில்லயே. யாருக்கு ஊத்தப் போற?"

"எம் பொண்ணுக்கு," என்றாள் கெசியா. "கூரைத் தண்ணிதான் அவளுக்கு ஞானஸ்நானம். அவங்கப்பா வெச்ச இடம். இப்ப அங்க சொட்டு விழல. எனக்கப்புறம் ஊத்தவும் ஆளில்ல."

பெர்சி பீலியை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வாளியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

"எந்த இடம்னு காட்டு," என்றான்.

ரூபனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரிந்த இடம் அது. கெசியா குனிந்து புல்லை விலக்கிக் காட்டினாள்.