அரோகரா சொல்லாமல் ஏறிய மலை

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சாமளாபுரத்தில் தறிக்கூடத்தைப் பூட்டிவிட்டு, விடியும் முன்பே நானும் என் வீட்டுக்காரி சரசுவும் பஸ் ஏறினோம். பல்லடம், பொள்ளாச்சி, அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சத்தில் டாப்ஸ்லிப் மலைக்காடு.

மலை எனக்குப் புதிதல்ல. வருஷம் தவறாமல் பழனிக்கு நடந்து போகிறவன். ஆனால் கோயிலுக்கு இல்லாமல் மலையேறுவது இதுவே முதல் தடவை. சரசுவுக்கு இருவாச்சிப் பறவையைப் பார்க்க வேண்டும். செல்போனில் ஒரு வீடியோ பார்த்ததில் இருந்து அதே பேச்சு.

“பொட்டை மரப்பொந்துக்குள்ள போயி அடைச்சுக்குமாமுங்க. குஞ்சு வளர்ற வரைக்கும் ஆண்பறவைதான் தீனி கொண்டாந்து ஊட்டோணுமாம். நீங்க ஒரு நாளாச்சும் எனக்கு ஒரு டம்ளர் டீ வெச்சுக் குடுத்திருப்பீங்களா?”

பஸ்ஸில் பாதிப்பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். தறிச் சத்தத்தில் கத்திக் கத்தி, எங்கள் இருவருக்கும் மெதுவாகப் பேச வராது.

ஆனைமலையைத் தாண்டும்போது மாசாணியம்மனை நினைத்து உட்கார்ந்தபடியே கும்பிட்டோம். சேத்துமடை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையை வாங்கிக்கொண்டார்கள். புளிச்சோற்றுத் தூக்கு சரசுவின் மடிக்கு வந்தது. அதன்பிறகு ஏற்றம். முள்ளுக்காடு போய் மூங்கில் வந்தது, மூங்கில் போய்த் தேக்கு வந்தது.

பத்து மணிக்கு வழிகாட்டி மாரியுடன் நடக்கத் தொடங்கினோம். அந்தக் காட்டிலேயே குடியிருப்பவர். புறப்படும்போதே சொல்லிவிட்டார்.

“பொந்துக்கிட்ட பேச்சுச் சத்தம் கேட்டா ஆண்பறவை வராதுங்கண்ணா. அது வரலீன்னா உள்ள இருக்கற தாய்க்குப் பட்டினி.”

“நான் எதுக்குங்க பேசப் போறேன்?” என்றேன்.

தேக்குச் சருகு காலடியில் நொறுங்கியது. திடீரென்று ஒரு புள்ளிமான் கூட்டம். “சரசு, அங்க பாரு மானு!” என்று மெதுவாகத்தான் சொன்னேன். ஒரு மான்கூட மிச்சமில்லை. மரத்தின் மேல் கருமந்திக் குரங்கு ஒன்று நாய்போலக் குரைத்தது.

“அண்ணா, இதுதான் உங்க மெதுவா?”

“இவரு ரகசியம் பேசுனா அடுத்த தெருவுக்குக் கேக்குமுங்க” என்றாள் சரசு, அதே சத்தத்தில்.

“இன்னொருக்கா சத்தம் வந்தா அப்படியே திரும்பிரலாமுங்க.” மாரி சிரிக்கவில்லை. சரசுவின் முகம் வாடிவிட்டது.

கொஞ்சதூரம் போனதும் அவள் என் தோளைத் தட்டினாள். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினாள். எங்கள் தறியில் அதற்கு ‘நூல் அறுந்துவிட்டது’ என்று அர்த்தம். பார்த்தால் என் செருப்பு வார் அறுந்து தொங்குகிறது! இத்தனை வருஷமாகத் தறிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, கத்தியும் கேட்காததைக் கையால் பேசி வாழ்ந்தவர்கள் நாங்கள். அந்த நிமிஷம்வரை அது ஞாபகம் வரவில்லை.

வாரை முடிந்துகொண்டு நடந்தேன். பிறகு சோலைக்காடு. வெயில் நின்றது. பாசி பிடித்த மரங்கள், ஈர வாசம், கண்ணுக்குத் தெரியாத ஓடையின் சத்தம். பிரம்பு முள்ளா, கையால் சொன்னாள். வழுக்குப்பாறையா, கையால் சொன்னேன். மாரி எங்களையே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரிய மரம் ஒன்று எதிரே தெரியும் இடத்தில், ஒரு புதருக்குப் பின்னால் ஆளுக்கொரு பக்கம் உட்காரவைத்தார். நடுமரத்தில் அடைத்த பொந்து. விரல் நுழையும் அளவுக்கு ஒரு கீறல். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. மானை விரட்டிய பாவம் இதற்கும் வந்து சேருமோ என்று பயந்து, “முருகா, இவளுக்காக ஒருமுறை” என்று மனசுக்குள் வேண்டினேன்.

‘புஸ் புஸ்’ என்று காற்றைக் கிழிக்கும் சிறகுச் சத்தம் தூரத்தில் கேட்டது. கறுப்பும் வெள்ளையுமாக, தலையில் மஞ்சள் கிரீடத்தோடு ஆண்பறவை வந்து இறங்கியது. பழனியில் கடைசிப்படி ஏறும்போது தொண்டையில் தானாக எழுமே, அது எழுந்தது. வாயைத் திறந்துவிட்டேன். புதரின் அந்தப் பக்கம் சரசு உள்ளங்கையைக் கீழே அழுத்தினாள். ‘தறியை நிறுத்து.’ அரோகராவை அப்படியே விழுங்கினேன்.

கீறலில் ஒரு அலகு நுனி எட்டிப் பார்த்தது. ஆண்பறவை தொண்டையில் இருந்து அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஊட்டியது. சரசுவின் கன்னம் நனைந்திருந்தது. சத்தமில்லாத வேண்டுதலும் முருகன் காதில் விழுந்திருக்கிறது.

பாதைக்குத் திரும்பியதும் மாரி சொன்னார்: “இனிப் பேசலாமுங்கண்ணா.” நாங்கள் கையாலேயே பேசிக்கொண்டு இறங்கினோம்.

மறுநாள் தறிகள் ஓடின. அந்த இரைச்சலில் நான் ஒரு டம்ளர் டீயோடு போய் நின்றேன். சரசு திரும்பிப் பார்த்தாள். சிரிக்காமல் தறிக்குப் பின்னால் மறைந்துகொண்டு, சட்டங்களின் இடுக்கில் ஐந்து விரலையும் அலகாகக் குவித்து நீட்டினாள்.