தொடை வலித்த தவக்காலம்

தவக்காலம் தொடங்கி இரண்டாவது வாரத்தில் என் தொடைகள் வலிக்க ஆரம்பித்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம்; பதினான்கு நிலைகளில் ஒவ்வொன்றிலும் முழங்கால் போட்டு எழுந்தேன். மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது யாரோ தொடையை முறுக்கிப் பிழிந்ததுபோல் இருந்தது. ஐம்பதைத் தாண்டிய உடம்பு, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

சரியாகவில்லை. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு ஆசிரியை நான். பத்தாம் வகுப்பு மாடியில் இருந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏற வேண்டியதாயிற்று.

அப்போது இரவில் இரண்டு புது மாத்திரைகள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்பு எடுத்த ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு அதிகம் என்று வந்தது. எங்கள் தெரு டாக்டரம்மா ஒரு வெள்ளை மாத்திரை எழுதினார். பொங்கல் கழிந்து ஒருநாள் நெஞ்சைப் பிடித்ததுபோல் இருக்கவே, என் கணவர் பயந்துபோய்ப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப்போனார். வாயுத்தொல்லைதான். ஆனாலும் இதய டாக்டர் ஒரு சின்ன ரோஸ் நிற மாத்திரை எழுதினார். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். இருந்த பதற்றத்தில், வருடக்கணக்காகச் சாப்பிடும் பிரஷர் மாத்திரை மட்டும்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். வெள்ளை கொழுப்புக்கு, ரோஸ் இதயத்துக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஆசிரியர் அறையில் தமிழ் டீச்சர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அந்தக் கொழுப்பு மாத்திரைதான் டீச்சர். எங்க அத்தைக்கும் இப்பிடித்தான் கால் நடக்க வராமப் போச்சு. தூக்கிப் போடுங்க."

வீட்டில் சொன்னேன். கணவருக்குக் கோபம். "யாரோ சொன்னாங்கன்னு நிறுத்துவியா? அட்டாக் கிட்டாக் வந்தா என்ன செய்யிறது? முழங்கால் போடாம உக்காந்து ஜெபம் பண்ணு."

திருமங்கலத்திலிருந்து நாத்தனார் போனில், "மதினி, இம்புட்டு மாத்திரை எதுக்கு? வெறும் வயித்துல பூண்டு தின்னுங்க போதும்" என்றாள்.

மூன்று பேரும் என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். மூன்றையும் எப்படி ஒரே உடம்பில் செய்வது? வெள்ளை மாத்திரையை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். வலி போகவில்லை. ஆக மாத்திரை காரணமில்லை என்று முடிவு செய்து மறுபடி ஆரம்பித்தேன். அடுத்து முழங்கால் போடுவதை நிறுத்தினேன். அப்போதும் போகவில்லை. பூண்டு தின்றதில் நெஞ்சு எரிந்ததுதான் மிச்சம். எலும்புத் தேய்மானமா, சர்க்கரையா, ஏதாவது காய்ச்சல் வரப்போகிறதா? கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே மனது வேறொன்றைப் போட்டுக்கொண்டிருக்கும்; எதுவும் விடைக்கு வரவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு பவனியில், கையில் குருத்தோலையோடு பாதி வழியிலேயே ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எழ முடியவில்லை. கணவர் கைகொடுத்துத் தூக்கினார். அங்கிருந்தே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்.

"நாளைக்குக் காலையில கூட்டிட்டு வாங்க. வீட்டுல டீச்சர் சாப்பிடுற மாத்திரை எது இருந்தாலும் அம்புட்டையும் அள்ளிக் கொண்டாங்க."

மறுநாள் மாடியில் இருந்த அவர் கிளினிக்கில், மேஜைமேல் மாத்திரைப் பையைக் கவிழ்த்தோம். டாக்டரம்மா வெள்ளை அட்டையையும் ரோஸ் அட்டையையும் தனியே எடுத்து, திருப்பி, என் முன்னால் வைத்தார்.

"பெரிய எழுத்து கம்பெனி வச்ச பேரு. அதை விடுங்க. கீழ சின்ன எழுத்தைப் படிங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். அட்டோர்வாஸ்டேடின். அடுத்ததைப் படித்தேன். அதுவும் அட்டோர்வாஸ்டேடின்.

"ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதான் டீச்சர். ஒரே கொழுப்பு மருந்தை ரெண்டு பேருல சாப்பிட்டிருக்கீங்க."

"ஒண்ணை நிறுத்தியும் பாத்தேனே, வலி போகலையே?"

"இன்னொண்ணு உள்ள போய்க்கிட்டுத்தான இருந்துச்சு."

சிறுநீர் காபி நிறத்தில் போகிறதா என்று கேட்டார்; தசை சிதைந்தால் அப்படிப் போகுமாம். இல்லை என்றதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க அன்றைக்கே ரத்தம் கொடுத்தேன். ரத்தத்தில் தசை நொதி கூடித்தான் இருந்தது, ஆபத்தான அளவுக்கு இல்லை. இரண்டு மாத்திரையையும் நிறுத்தச் சொன்னார்; பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும், சிறுநீர் நிறம் மாறினாலோ வலி கூடினாலோ உடனே வரவேண்டும் என்றும் சொன்னார். இதய டாக்டரிடம் அவரே பேசினார்.

ஈஸ்டர் கழிந்து வலி மெல்ல விலகியது. அதன் பிறகுதான் புதுக் குழப்பம். அதே மருந்தைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார் டாக்டரம்மா.

"வலி அதனாலதானே வந்துச்சு? திரும்ப எப்பிடி..."

"ரெண்டு மடங்கு போனதுதான் காரணமா இருக்கும். முழங்கால் போட்டதும் கூடச் சேர்ந்திருக்கலாம். அடிச்சுச் சொல்ல முடியாது டீச்சர். ஆனா உங்களுக்கு இந்த மருந்து வேணும்."

அடித்துச் சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது. ரெண்டும் ஒன்று என்று தெரிந்த நாளிலிருந்து மாத்திரையைத் திட்டிக்கொண்டிருந்த கணவரே அன்றிரவு தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார். விழுங்கினேன். வலி வருகிறதா என்று தொடையை அழுத்தி அழுத்திப் பார்த்ததிலேயே வலித்தது.

பள்ளி திறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் வலது தொடையில் சுருக்கென்றது. மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டேன், வாயில் போட மனம் வரவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஒரு கால்லயா, ரெண்டு கால்லயுமா?"

"வலது மட்டும்."

"மருந்தால வந்தா பெரும்பாலும் ரெண்டு பக்கமும் வரும். மாத்திரையச் சாப்பிடுங்க. நாளைக்கும் இருந்துச்சுன்னா கூப்பிடுங்க."

சாப்பிட்டேன். காலையில் வலி இல்லை. எதனால் வந்தது, எதனால் போனது என்று தெரியவில்லை. அடுத்த பரிசோதனையில் கொழுப்பு இறங்கியிருந்தது, தசை நொதியின் அளவும் சரியாக இருந்தது. "நல்லா இருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. தலையாட்டிவிட்டு மாடிப்படி இறங்கி வந்தேன். கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கினேன் என்பது தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.